அத்தைக்கு ஒரு வினைச்சொல்

விண்ணப்பத்தில் நடந்ததை எழுதக் கூடாது, தகுதியை எழுத வேண்டும் என்பது அரசுப் பணியில் நான் கண்டுகொண்ட விதி. அப்பா அதை எனக்கு ஏழாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்.

அப்போது பாலக்கரையில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கை மருங்காபுரியில் இருந்த கணவர் வீட்டை விட்டு வந்து எங்களோடு ஒரு வருடமாக இருந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் காப்பாளர் வேலை காலி. விண்ணப்பம் இங்கிலீஷில் வேண்டும். வீட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்தவள் நான் ஒருத்திதான். பேனா என் கையில்.

கணவரோடு வசிக்காததற்குக் காரணம் என்ற இடத்தில் வண்டி நின்றது.

"டெஸர்ட்டட்னு போடு. கைவிடப்பட்டவங்களுக்குத்தான் முன்னுரிமை" என்றார் அப்பா.

"அவர் எங்கண்ணே கைவிட்டார்? நான்தானே வந்தேன்" என்றார் அத்தை, கீரை ஆய்ந்தபடி.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா நான் சொல்றதையே போட்டுடலாமே."

அத்தை என் பக்கம் திரும்பினார். "வந்ததுக்கு என்னென்ன வார்த்தை இருக்கு பாப்பா? ஒவ்வொண்ணா சொல்லு."

புடவைக் கடையில் பிரித்துக் காட்டச் சொல்வது போலக் கேட்டார். நானும் பிரித்துப் போட்டேன். 'வாக்ட் அவுட்' என்றால் கோபித்துக்கொண்டு வெளியேறியது. 'ரேன் அவே' ஓடிப்போனது.

"ஓடலை, பஸ்லதான் வந்தேன். கோபமும் இல்லை. நல்லா யோசிச்சு வந்ததுக்கு என்ன?"

அதற்கென்று தனி வினை எனக்குத் தெரியவில்லை. 'லெஃப்ட்' என்றேன், அரைமனதாக.

"அதுல யார் யாரை விட்டது?"

"நீங்க அவரை."

"அதைப் போடு."

"வேலை கிடைக்காது" என்றார் அப்பா.

"கிடைக்காட்டி வேற பார்த்துக்கறேன்."

'ஐ லெஃப்ட் ஹிம்.' இரண்டாம் வகுப்புக் குழந்தை எழுதும் வாக்கியம். அதன் கீழே அத்தை நிதானமாகக் கையெழுத்துப் போட்டபோது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அப்பா சொன்னபடியே வேலை வேறொருவருக்குப் போனது. அவர் முறைப்படி கைவிடப்பட்டவராம். அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அத்தையோ விண்ணப்பத்தின் நகலை மடித்துத் தன் பெட்டியில் பத்திரப்படுத்தினார்.

இங்கிலீஷ் போதாததால்தான் சுலபமான சொல்லாகப் பார்த்து எடுத்துவிட்டார் என்று நான் முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து தினமும் ஐந்து கடினமான வினைச்சொற்களை அவருக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். அத்தை என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார்.