சம்பந்திக்கு வெள்ளரிக்காய் சோடா

எங்கள் பக்கத்து வீட்டு லிண்டா, கதவைத் திறந்த கையோடு வந்தவருக்குப் பரீட்சை வைப்பாள். "என்ன குடிக்கிறாய்? லைம் இருக்கிறது, கிரேப்ஃப்ரூட் இருக்கிறது, பிளாக் செர்ரி இருக்கிறது, வெள்ளரிக்காய் இருக்கிறது." ஒஹாயோவுக்கு வந்த புதிதில் நான் வெள்ளந்தியாகச் செர்ரி என்றேன். சிவப்பாக, தித்திப்பாக ஒன்று வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வந்ததோ குழாய்த் தண்ணீர் நிறத்தில் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டிருந்தது. வாயில் வைத்தால், பழம் நறுக்கிய கத்தியைக் கழுவிய தண்ணீர். சர்க்கரை கிடையாது, உப்பு கிடையாது, பழமும் கிடையாது. பெயர் மட்டும் டப்பாவின் மேல் பெரிதாக இருந்தது. "சர்க்கரை போட மறந்துவிட்டார்கள் போல" என்றேன். நான் புகழ்கிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். "ஆமாம், ஜீரோ! அதுதானே விசேஷம்!" என்று பூரித்துப்போய், நான் கிளம்பும்போது ஒரு பெட்டியையே தூக்கிக் கையில் கொடுத்துவிட்டாள்.

ஆரணியில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், கொடுக்க மனமில்லை என்று அர்த்தம். என் அம்மா வந்தவரை உட்காரச் சொல்லும்போதே கண்ணால் ஜாடை காட்டுவாள். யாராவது தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய்க் கலர் வாங்கி வருவார்கள். ஆரஞ்சோ, பன்னீர் சோடாவோ, கடைக்காரர் கைக்கு எது அகப்பட்டதோ அது. வந்தவர் "எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வைப்பார். சர்க்கரை போடாத வெறும் சோடாவை எங்கள் ஊரில் இரண்டே பேர்தான் கேட்பார்கள்: வயிறு உப்பிக்கொண்டவர், இல்லையென்றால் ஒயின் ஷாப் வாசலில் நிற்பவர். அந்தச் சனியனை அழகான டப்பாவில் அடைத்து, காசு கொடுத்து வாங்கி, விருந்தாளிக்குப் பெருமையாக நீட்டுகிற ஒரு தேசத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறேன்.

தேசத்தைக்கூட மன்னித்துவிடலாம். என் வீட்டுக்காரரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் ரோஸ் மில்க் குடிக்காமல் பஸ் ஏறாத மனுஷர், இங்கே வந்து இந்தத் தண்ணீருக்கு மதம் மாறிவிட்டார். கடையில் அந்த வரிசைக்குள் நுழைந்துவிட்டால் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகப் படிப்பார். "இதுல கொஞ்சம் லாவெண்டர் நோட் இருக்கும்" என்பார். நோட்டாவது புக்காவது! எல்லாம் ஒரே தண்ணீர். பத்துப் பெயர் வைத்தால் பத்து ருசி வந்துவிடும் என்று நம்புகிற ஜனங்களோடு ஜனமாக அவரும் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

போன பொங்கலுக்கு ஆரணி போயிருந்தபோதுதான் இந்தத் தண்ணீர் என் அண்ணன் வீட்டில் புகுந்தது. அண்ணனுக்கு ஊரில் ஜரிகைக் கடை. அவர் மகள் பவித்ராவும் களம்பூர் ரைஸ் மில்காரர் மகனும் கல்லூரியில் படிக்கும்போதே ஒருவரை ஒருவர் விரும்பியவர்கள். பையனின் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. வருஷக்கணக்கில் அழுது, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, கடைசியில் "சரி, போய்ப் பாக்கலாம்" என்று இறங்கி வந்திருந்தார். பவித்ராவுக்கு இதை விட்டால் வேறு கல்யாணமே கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருபவர்கள் பேச்சு முடிகிறவரை பெண் வீட்டில் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். அவர்கள் சம்மதம் என்று சொன்னதும் நாங்கள் இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். அதுதான் எங்கள் தரப்பின் சம்மதம். பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று வாயால் சொல்ல மாட்டோம். இனிப்பை நிறுத்திவிட்டுச் சப்பென்று எதையாவது கொடுத்து அனுப்பிவிடுவோம். வந்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

பையனின் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று என் வீட்டுக்காரர் காதில் விழுந்திருக்கிறது. "ஸ்வீட்டெல்லாம் வேணாம் மச்சான், என்கிட்ட விடுங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, சென்னையில் ஒரு பெரிய கடையிலிருந்து டப்பாக்களை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அமெரிக்காவில் இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், கலர் என்றால் இனிக்காமலா போகும் என்று அண்ணனும் ஜாங்கிரியை நிறுத்திவிட்டார். நான் உள்ளே பவித்ராவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இது எதுவும் தெரியாது.

மில்காரர் நல்ல மனுஷர். "எங்களுக்குச் சம்மதங்க. பசங்களே புடிச்சிருக்குதுன்னு சொல்லிகினு இருக்கறப்ப நாம நடுவுல நின்னு இன்னா பண்ணப் போறோம்?" என்றார். உடனே என் வீட்டுக்காரர் தட்டோடு ஆஜரானார்.

"அங்கிள், உங்களுக்கு வெள்ளரிக்காயா, கிரேப்ஃப்ரூட்டா?"

"எதுனா குடுங்க தம்பி."

எவர்சில்வர் டம்ளரில் வெள்ளரிக்காய் நுரைத்தது. மில்காரர் ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார்.

"இதுல சக்கர போடலீங்களா?"

"ஜீரோ ஆண்ட்டி! அதுதான் இதுல விசேஷம்." லிண்டாவின் அதே பூரிப்பு.

அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அப்ப நாங்க கெளம்பறங்க. களம்பூர் பஸ்ஸு பூடும்." அவர்கள் வந்தது சொந்தக் காரில்.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அண்ணன் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் "இருங்க, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றேன்.

"இன்னாத்த நெனைக்கறது? புடிக்கலைன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே. சம்மதம்னு சொன்ன வாய்க்கு வெறும் சோடாவக் குடுத்து அனுப்புறீங்க. எம்புள்ளைக்காகத்தான் வந்தேன், எனக்கு இது நல்லா வேணுங்க."

என் வீட்டுக்காரர் ரத்தச் சர்க்கரையைப் பற்றி விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு அவர் தலையிலேயே அந்த ஐஸ் பெட்டியைக் கவிழ்க்கலாம் போலிருந்தது.

அப்போது பவித்ரா உள்ளேயிருந்து வந்தாள். கையில் சமையலறைச் சர்க்கரை டப்பா. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "உக்காருங்க அத்தை" என்றாள். அந்த அம்மாளை அவள் அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. தரையிலிருந்த டம்ளரை எடுத்து, ஒரு பெரிய கரண்டிச் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். நீங்கள் யாராவது நுரைக்கிற சோடாவில் சர்க்கரை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? குபுகுபுவென்று எழும்பி, டம்ளரைத் தாண்டி, அவள் கையெல்லாம் வழிந்து, அந்த அம்மாளின் புடவைக் கரையில் விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயே, பொங்கிடுச்சு பாருங்க!" என்றது அந்த அம்மாளின் குரல். கண்ணைத் திறந்தேன். அவர் முகத்தில் கோபத்தைக் காணவில்லை. பொங்குவதைப் பார்த்துவிட்டு அபசகுனமாக ஒரு வார்த்தை சொல்ல எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு வாய் வருமா? டம்ளரை வாங்கி மிச்சத்தைக் குடித்தார். பவித்ராவின் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"எனக்கும் ஒரு கரண்டி போடும்மா" என்று மில்காரர் டம்ளரை நீட்டினார்.

"உங்களுக்குச் சுகரு!"

"ஒரு வாய்க்கு இன்னா ஆயிடும்? ஜல்தி போடும்மா, இவ புடுங்கிடுவா."

திரும்பி வரும்போது விமானத்தில் என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "கடைசியில எல்லாரும் குடிச்சாங்க பாத்தியா? டேஸ்ட் புடிச்சிருச்சு." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு எனக்கு மறுபடி லீவு கிடைக்கவில்லை. ஆரணியில் விடிகாலை முகூர்த்தம் என்றால் இங்கே முந்தின நாள் சாயங்காலம். சமையல் மேடையில் ஃபோனை நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியக் கல்யாணம் பார்க்க வேண்டும் என்று லிண்டாவும் வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். தாலி ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏதாவது தித்திப்பாக வாயில் போட வேண்டும் என்று தேடினேன். என் வீட்டுக்காரர் புண்ணியத்தில் வீட்டில் ஒரு மிட்டாய்கூட இல்லை. ஃபிரிட்ஜில் அந்த டப்பாக்கள்தான் வரிசையாக நின்றன. ஒன்றை உடைத்து, அம்மா கொடுத்த டம்ளரில் ஊற்றி, காபிக்கு வைத்திருந்த சர்க்கரையை ஒரு கரண்டி போட்டேன். பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

லிண்டா பதறிப்போய்ப் பேப்பர் டவலோடு பாய்ந்தாள். "துடைக்காத லிண்டா, துடைக்காத!" என்று நான் தமிழிலேயே கத்தினேன். அவள் அதை நன்றி என்று நினைத்துக்கொண்டாள். சுத்தமாகத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, என் கண்ணீரைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, புதிதாக ஒரு டப்பாவை உடைத்து என் இன்னொரு கையில் வைத்தாள்.

ஃபோனில் மாலையும் கழுத்துமாகப் பவித்ரா வந்தாள். "அத்தை, ஸ்வீட் சாப்டீங்களா?"

ஒரு கையில் பாதி வழிந்துபோன டம்ளர், இன்னொரு கையில் லிண்டாவின் வெள்ளரிக்காய். "சாப்டேன்மா" என்றேன்.