ரிஜெக்ட் ஆன சிரிப்பு

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கேமரா வாங்கியிருக்கிறார்கள் என்றால் வீட்டில் ஏதோ சண்டைதான் என்று தையல் பிரிவில் யாரோ சொன்னார்களாம். டீ இடைவேளையில் பக்கத்து மேசை ஜஹீதா அதைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து பொன்மலரிடம் இறக்கி வைத்தாள்.

"புருஷன் தொட்டதை நீ தொடமாட்டியாம். அதான் தனித்தனியாம். நான் சொல்லலக்கா, சொல்றாங்க."

"அவர் கையை விட்டு எறங்கினாத்தானே நான் தொடுறது? அந்தப் பேஜாரே வேணாம்னுதான் ரெண்டு."

பொன்மலர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாகத் தோல் தரம் பிரிக்கிறாள். வடக்குப் பார்த்த ஜன்னலோரம் தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, எதைக் கண்டாலும் வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம். தேறாததை யோசிக்காமல் தள்ளிவிடுகிற கை. அவள் கணவன் ரெனால்ட் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் கேமரா மேல்தான் ஆசை, இந்த வருஷம்தான் கைகூடியது.

பெட்டிகளைச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து பிரித்தார்கள். பொன்மலர் முதலில் பார்த்தது கேமராவை அல்ல, அதன் வாரை.

"இது தோலே இல்லீங்க. ரெக்சின்."

"வாரைக் கீழ வெச்சிட்டு இங்க பாரு. மூச்சை இழுத்துப் பிடி. ஆடாதே."

"எனக்கு இன்னா, நெஞ்சுல சளியா?"

அவளும் தன் கேமராவைத் தூக்கினாள். ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் எடுத்த அந்த முதல் படங்களில் இருவருக்கும் முகமே இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமராதான் இருந்தது. சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கியதை இருவரும் கவனிக்கவில்லை. அடையாளத்துக்கு அவள் தன்னுடையதில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டாள்.

அவர்கள் படமெடுக்கப் போன முதல் விசேஷம் நாட்றம்பள்ளியில் மேகலாவின் நிச்சயதார்த்தம். மேகலா பொன்மலரோடு வேலை பார்த்தவள். அவள் அப்பா ரத்தினசாமி எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார். முன்பல் இரண்டு கிடையாது. அன்று மோதிரம் மாப்பிள்ளை விரலில் ஏறாமல் மல்லுக்கு நின்றபோது மட்டும் கையை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இந்தப் பக்கத்திலிருந்து பொன்மலரும் அந்தப் பக்கத்திலிருந்து ரெனால்டும் எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அவள் தரம் பிரிக்க ஆரம்பித்தாள். கண் மூடியது, நிழல் விழுந்தது, யாரோ குறுக்கே கை நீட்டியது எல்லாம் அழிந்தன.

"ஏன்டி, எல்லாத்தையும் தூக்கிப் போடுற?" என்றான் ரெனால்ட். "எங்க ஆஸ்பத்திரியில பழைய படம் ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடமாட்டாங்க."

"டேமேஜ் பீஸை வெச்சிக்கிட்டு இன்னா பண்றது?"

இது நடந்து ஒரு மாதம். அதன்பின் அவள் மெமரி கார்டில், அழித்த படங்களின் இடத்திலேயே, இன்னும் மூன்று விசேஷம் ஏறிவிட்டது.

இன்று மதியம், சாப்பாட்டு மணி அடித்து டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மேகலா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, போன வாரம் அப்பாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கண்ணாடி பார்க்கமாட்டேன்றாரு, கல்யாணத்துக்கு மேடை ஏறமாட்டேன்றாரு. மோதிரம் போடும்போது சிரிச்சாரே, அதை அவருக்குக் காட்டணும்கா. நீங்க குடுத்த ஆல்பத்துல காணோமே?"

"பார்த்துச் சொல்றேம்மா," என்று வைத்தாள் பொன்மலர்.

பார்க்க ஒன்றுமில்லை. நல்ல தோல் எதுவும் அவள் மனதில் நிற்பதில்லை. தள்ளியவைதான் அப்படியே நிற்கும். அந்தப் படமும் நின்றது: அரைக்கண் மூடியிருந்தது, இடது ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை, நடுவில் பொக்கை தெரிய ஒரு சிரிப்பு. ரிஜெக்ட்.

இனி ரெனால்டின் கேமராதான். அவன் எதையும் அழிக்கிறவன் இல்லை. ஆனால் இன்று காலையில் அதைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "ரெண்டு மணிக்கு ஜார்ஜ் சாருக்கு ஃபேர்வெல். கார்டு ஃபுல்லா இருக்கு. நிச்சயதார்த்தத்தை அழிச்சிடவா? நீதான் ஆல்பம் போட்டுக் குடுத்துட்டியே?"

"அழிங்க. அதுல இன்னா இருக்கு?" என்று தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னவள் இவள்தான்.

மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

"இன்னாக்கா, சோறு ஆறுது," என்றாள் ஜஹீதா.

பொன்மலர் டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள். எக்ஸ்ரே அறைக்குள் ரெனால்ட் போனை எடுத்துப் போவதில்லை. வெளியே மேசை டிராயரில் வைத்துவிடுவான். தெரிந்தும் அடித்தாள். ஒரு முறை முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து, ஜன்னல் பக்கம் திரும்பி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது.