கழற்றிய பேட்டரிகள்

லின்ஃபீல்டில் வாங்கிய, காரில் கட்டி இழுக்கும் பழைய கேரவன் வண்டிக்கு டீசல் ஹீட்டரை நானே பொருத்தினேன். வீடியோ பார்த்துக் கற்றதுதான். முதல் பயணம் கிளம்பிய காலையில் உள்ளே பூஜை போட்டோம். விஷவாயு இருந்தால் எச்சரிக்கும் அலாரம், சாம்பிராணிப் புகைக்கே கத்தியது. எரிச்சலில் அதன் பேட்டரிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அதோடு மறந்துபோனேன்.

கடற்கரை முகாமில் மதியம் நல்ல மழை. ஜன்னல்களை மூடி ஹீட்டரைப் போட்டேன்.

"தலை வலிக்குதுங்க. கதவைத் திறங்களேன்," என்றாள் ஹீட்டர் அருகே படுத்திருந்த மனைவி.

"இப்பதான் சூடு ஏறுது. காபி குடிச்சா சரியாயிடும்," என்றேன்.

காபி போட எழுந்தவள் அப்படியே சரிந்தாள். கதவைத் திறந்து மழைக்குள் இழுத்துவந்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். புகைக்குழாய் இணைப்பை நான் சரியாக முறுக்காததால் விஷவாயு உள்ளேயே கசிந்திருக்கிறது.

"ஹீட்டர் கோளாறு. இவர் மட்டும் இல்லேன்னா நான் இல்ல," என்று எல்லோரிடமும் சொல்கிறாள். நான் தலைகுனிவதை அடக்கம் என்று நினைக்கிறார்கள்.

துவைக்கும்போது என் சட்டைப் பையில் கிடைத்த பேட்டரிகளை அவள்தான் டிவி ரிமோட்டில் போட்டாள். அவள் சேனல் மாற்றும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.