ஐந்துக்கு ஐந்து வாங்கிய படம்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், கையில் ஆரஞ்சுப் பையோடு நின்று, ஒரு நர்ஸிடம் திட்டு வாங்கினேன். திட்டு எனக்குத்தான் என்று அந்த நர்ஸுக்குத் தெரியாது. அதுதான் இன்னும் மோசம்.

கட்டிலில் இருந்தவர் ஜெயமேரி அக்கா. ஊர் மம்சாபுரம். ராஜபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துப் பாக்கெட் போடுகிற வேலை. நீர்க்கடுப்பில் தொடங்கி, குளிர்காய்ச்சலாகி, கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. கையில் ட்ரிப்ஸ்.

“நாள் முழுக்க ஒரு டம்ளர் தண்ணிதான் குடிச்சிருக்காங்க” என்றார் நர்ஸ் என்னிடம். “கேட்டா, பீரியட்ஸுக்கு கப் வச்சிருந்தேன், ஒண்ணுக்குப் போகணும்னா அதக் கழட்டணும்ல, அதான் தண்ணியே குடிக்கலங்கிறாங்க. மூணு மாசமா இந்தக் கூத்து! அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எந்த மகராசிம்மா ஒங்களுக்கு இதச் சொன்னா?”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த மகராசி நான்தான்.

ஜெயமேரி அக்கா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

“யாரும் சொல்லல சிஸ்டர். எனக்கா அப்பிடித் தோணுச்சு.”

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. ஆரஞ்சை உரித்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். நீட் கோச்சிங்கில் உயிரியல் எடுக்கிறவள். ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் பத்துப் பேரிடம் சொல்லாமல் சோறு இறங்காது. மாதவிடாய்க் கப்பைப் பற்றி இங்கே நான் குதித்துக் குதித்து எழுதியதும் ஞாபகம் இருக்கலாம். எழுதியதோடு விட்டேனா? தோழிகளைச் சேர்த்துக்கொண்டு அந்த பேண்டேஜ் கம்பெனிக்கே போனேன். சாப்பாட்டு இடைவேளை. பதினெட்டுப் பெண்கள். ஆளுக்கொரு கப். கூடவே என் சொற்பொழிவு — இலவசம்.

நீங்கள் அதை உபயோகித்துப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். வாங்கியிருந்தேன். பீரோவில் இருந்தது.

ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மார்க்கரால் படம் போட்டேன். நடுவில் கருப்பை. இருபுறமும் கருக்குழாய்கள். முனைகளில் சூலகங்கள்.

“ஏட்டி, மாட்டுத் தலை மாதிரியில்ல இருக்கு! கொம்பு வேற!” என்றார் மாரித்தாய் அக்கா. அங்கே எல்லோருக்கும் மூத்தவர். சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “கருப்பைங்கிறது கவுத்து வச்ச கொய்யாக்கா அளவுதான்க்கா. சூலகம் பாதாம்பருப்பு அம்புட்டு. அதுக்குள்ள இருந்துதான் மாசம் ஒரு முட்டை...” என்று அடுக்கினேன். யாரோ ஒருத்தி, “எம்புட்டு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்காக!” என்றாள். சொன்னால் வெட்கம்... அந்த ஒரு வரியில் நான் தரையில் இல்லை.

அப்போதுதான் ஜெயமேரி அக்கா கேட்டார். “டீச்சர், இத உள்ள வச்சிருக்கும்போது ஒண்ணுக்கு வந்தா என்ன செய்ய?”

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே! “கழட்டிட்டுத்தான்க்கா போகணும்” என்றேன். அரை நொடிகூட யோசிக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? பள்ளியிலிருந்து நான் வரைந்து வரும் படத்தில் எல்லாம் கீழே இறங்கி ஒரே குழாயில் முடியும். அங்கே ஒரு கோடு இழுத்துப் பெயர் எழுதினால் ஐந்துக்கு ஐந்து. அதற்குக் கீழே, உடம்புக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நான் வரைந்ததும் இல்லை, தேடியதும் இல்லை. சிறுநீர்ப்பை? அது கழிவுநீக்க மண்டலம். வேறு பாடம், வேறு மார்க். இரண்டும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்று இத்தனை வருடத்தில் ஒருநாளாவது தோன்ற வேண்டாமா?

அந்தக் கம்பெனியில் ஒரே ஒரு கழிப்பறை. தண்ணீர்க் குழாய் வெளியே. ஒவ்வொரு தடவையும் கப்பைக் கழற்றி, கழுவி, திரும்ப வைப்பது நடக்கிற காரியமா? ஜெயமேரி அக்கா தனக்குத் தெரிந்த ஒரு வழியைக் கண்டுபிடித்தார். தண்ணீரை நிறுத்தினார்.

நர்ஸ் மருந்துச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனாவால் மூன்று புள்ளி வைத்தார். ஒன்றன் பின் ஒன்றாக.

“இங்க பாருங்க. முன்னால இருக்கிறது ஒண்ணுக்குப் போற வழி. நடுவுல இருக்கிறது புள்ள பொறக்கிற வழி. பின்னாடி இருக்கிறது வெளிக்கிப் போற வழி. மூணும் தனித்தனி. கப்பு நடுவுல இருக்கு, மொதல் வழிய அது எங்கம்மா அடைக்கும்? நல்லாத் தண்ணி குடிங்க, நல்லா ஒண்ணுக்குப் போங்க. கப்பு பாட்டுக்கு அது இருக்கும். காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க எடுத்துக் கழுவுனாப் போதும்.”

மூன்று புள்ளி. அவ்வளவுதான் படம். கட்டிலில் இருந்தவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற எம்.எஸ்சி. விலங்கியல் பட்டதாரியும் தலையாட்டினாள், ஏதோ முன்பே தெரிந்தவள் மாதிரி.

நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கேட்டேன். “ஏன்க்கா என்னையச் சொல்லல?”

“ஒங்களையில்ல வைவாக. நாலு புள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவுக... நல்லாவா இருக்கும்?” என்றார். பிறகு, “இன்னொரு சொளை குடுங்க” என்றார்.

அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ராஜபாளையம் வருவதற்குள் ஒரு கணக்குப் புரிந்தது. பதினெட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில். மீதிப் பதினேழு பேர் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?

மறுநாள் மதியமே கம்பெனியில் போய் நின்றேன். “அன்னைக்கு நான் சொன்னது தப்பு. ஜெயமேரி அக்கா என்னாலதான் படுத்திருக்காங்க” என்று ஆரம்பித்து, மூன்று புள்ளியைக் காட்டி முழுவதும் சொன்னேன். யாரும் வையவில்லை. வைதிருந்தால் தேவலை. இரண்டு பேர் அந்த நாட்களில் தாங்களும் தண்ணீர் குடிப்பதில்லை என்றார்கள். ஒருத்தி எழுந்துபோய்த் தன் வாட்டர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். நான் தலை நிமிரவே இல்லை.

மாரித்தாய் அக்காதான் வாயைத் திறந்தார். “எனக்கு அப்பவே இடிச்சது டீச்சர். மூணு பெத்தவ நானு. கடைசிப் பிரசவத்துல ஒண்ணுக்கு டியூப் போட்டு விட்டாக. அது ஒரு வழியாப் போச்சு, புள்ள ஒரு வழியா வந்துச்சு. ரெண்டும் எப்பிடி ஒண்ணா இருக்கும்?”

“பொறவு ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?”

“நீங்க படமெல்லாம் போட்டுக் காட்டுனீக. படிச்ச புள்ள சொல்லுது, நம்ம ஒடம்புதான் மாறிக் கெடக்கு போலன்னு நெனச்சேன்.”

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. மூன்று பிள்ளை பெற்ற ஒரு பெண், என் அட்டைப்பெட்டிப் படத்தை நம்பி, தன் உடம்பைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

அதோடு விட்டாரா? “ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது” என்றார். “ஒங்களுக்கும் அதேதான இருக்கு? ஒருக்கா குனிஞ்சு பாத்திருக்கலாம்ல?”

கம்பெனியே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

ஆனால் கேள்வி நியாயமானது. பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்ட பிறகும் பாவாடையை மாரில் ஏற்றிக் கட்டிக் குளிக்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். இன்றைக்கும் அப்படித்தான் குளிக்கிறேன். யார் பார்த்துவிடுவார்கள் என்று? உள்ளே இருப்பது நான் ஒருத்திதான். அப்படியானால், பார்க்கக் கூடாதவளும் நான்தான்.

ஜெயமேரி அக்கா வீடு திரும்பிவிட்டார். தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருக்கிறாராம். அந்த நர்ஸுக்கு மட்டும் இன்னும் விஷயம் தெரியாது... சிஸ்டர், நீங்கள் தேடிய மகராசி இந்தப் பக்கத்தில்தான் வாராவாரம் எழுதுகிறாள்.

கம்பெனியில் எல்லோரும் சிரித்த அன்று மாலை, வீட்டுக்கு வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டேன். கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். இருபத்தாறு வயதில், முதல் தடவையாக.

அந்த ஐந்து மார்க்கை எனக்குப் போட்டிருக்கக் கூடாது.