ஒரு மனிதனுக்கு இரண்டு பிறந்த நாள்

இறந்துபோன ஒருவன்மேல் நான் பொய்ப்பழி போட்டேன். அதனால் அவன் மனைவிக்கு வரவேண்டிய இன்ஷூரன்ஸ் பணம் வராமற் போயிற்று. தெரிந்தே செய்தேன். இரண்டே வாக்கியங்களில் செய்தேன்.

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. நாள், கிழமை, மணி சொல்லிப் பழகியவன் நான். இராயபுரத்தில் என் பெயரைச் சொல்லி விசாரித்தால் பலருக்குத் தெரியாது. 'தேதிக்காரர் வீடு' என்று கேளுங்கள், பால்காரன்கூட வழி காட்டுவான்.

பகலில் கொருக்குப்பேட்டை சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா வேலை. மீதி நேரமெல்லாம் படிப்பும் குறிப்பும்தான். முதல் மழை எந்த நாளில் பெய்தது, எந்தப் புயலில் எத்தனை கட்டுமரம் போயிற்று, எந்தக் கப்பல் எங்கே தரை தட்டியது... பதினேழு நோட்டுகள் இருக்கின்றன. பழைய பஞ்சாங்கங்கள் ஒரு பெட்டி நிறைய.

இந்தப் பைத்தியத்தால் ஊருக்கும் ஓர் உபகாரம் இருந்தது. கடலோரக் குப்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்நாளில் பிறப்புப் பதிவு ஏது? கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகம் உண்டு. மற்றவர்களுக்குத் தாயின் ஞாபகம்தான் புத்தகம். வேலைக்குப் போனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பிறந்த தேதி கேட்பார்கள். உடனே என்னிடம் வருவார்கள். இன்ன புயலுக்கு மறுவருஷம் என்பார்கள், இன்ன கப்பல் எரிந்தபோது கைக்குழந்தை என்பார்கள். நான் நோட்டைப் புரட்டி, பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஓர் உறுதிக் கடிதம் எழுதிக் கையெழுத்திடுவேன். காசு வாங்கமாட்டேன். ஆபீசுகளும் அதை ஏற்றுக்கொண்டன.

இங்கேதான் என் முதல் குற்றம். தாயின் ஞாபகம் வருஷத்தைத் தரும், நாளைத் தராது. நாள் தெரியவில்லை என்று நான் எழுதியிருக்க வேண்டும். எழுதினேனா? இல்லை! நல்ல கிழமையாகப் பார்த்து ஒரு தேதியை நானே போட்டுவிடுவேன். தேதிக்காரன் வாயில் 'தெரியாது' என்ற சொல் வரலாமா...

ஏகாம்பரம் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். இரண்டாவது யுத்தம் தொடங்கிய சமயம், படகை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டப் போனான். அப்போது அவன் தாய் உயிரோடிருந்தாள். எம்டன் கப்பல் குண்டு போட்ட இரவில் அவன் தன் வயிற்றில் இருந்ததாகச் சொன்னாள். எனக்கு அது போதும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்து, தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. எழுதிக் கொடுத்தேன். வேலை கிடைத்தது.

பத்து வருஷம் போயிற்று. அவனை இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொன்னவனும் நானே. படித்துப் படித்து எனக்கு அதில் பெரிய நம்பிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் உட்கார்ந்து விளக்கினேன். ஆயிரம் பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறு தொகை கட்டுகிறார்கள். அவர்களில் யார் அகாலத்தில் போகிறானோ அவன் குடும்பத்துக்கு அதிலிருந்து பெருந்தொகை போகிறது. சிறு வயதிலேயே சேர்ந்தால் பிரீமியம் குறைவு, வயது ஏற ஏற அதுவும் ஏறும். எல்லாம் கேட்டுவிட்டு ஏகாம்பரம் பீடியை அணைத்தான்.

"செத்தா ரெண்டாயிரமா? உசுரோட கீறப்போ ஒரு டீ கடன் குடுக்கமாட்றான் சார்."

அவன் மனைவி கன்னியம்மா சிரிக்கவில்லை.

"நீ போட்டுடு. வின்ச்சு கவுறு உன்னாண்ட கேட்டுக்கினுதான் அறுமா?"

அவள்தான் முடிவு செய்தாள்.

வயதுக்கு அத்தாட்சி வேண்டும் என்றார் ஏஜெண்டு. ஏகாம்பரத்தின் தாய் அதற்குள் காலமாகியிருந்தாள். விஷக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருஷம் அவன் பால்குடி மறக்காத பிள்ளை என்று மாமியார் சொன்னதாகக் கன்னியம்மா சொன்னாள். நான் கணக்கிட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, பங்குனி மாதம், ஒரு புதன்கிழமை. எழுதிக் கொடுத்தேன். முன்பு எழுதியது என் நினைவில் இல்லை. பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேனா? பார்க்கவில்லை! பதினேழு நோட்டு வைத்திருக்கும் மனிதன்!

ஏகாம்பரத்துக்குப் படிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தான், அவ்வளவே.

பிரீமியத்தை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினான். ஏழாவது தவணை கட்டிய மாதத்தில் மஞ்சள் காமாலையில் இறந்தான்.

பாலிசி எடுத்து இரண்டு வருஷம் நிறையுமுன் மரணம் என்றால் கம்பெனி துருவிப் பார்க்கும். விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். துறைமுக ஆபீசிலிருந்த பழைய கடிதத்தைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். என் மேசைமேல் இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்தார். இரண்டும் என் கையெழுத்து. இடையே மூன்று வருஷம்! கன்னியம்மாவையும் அவர் அழைத்து வந்திருந்தார். அவள் வாசற்படியருகே நின்றிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். எதையும் ஒளிக்காமல் சொன்னார். கடிதம் எழுதியவர் கணக்குத் தவறியதென்றால், வயது வித்தியாசத்துக்கு ஏற்பக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு மீதித் தொகையைக் கொடுத்துவிடுவார்கள். பிரீமியம் குறையட்டும் என்று இறந்தவரே வயதை மறைத்தார் என்றால் ஒப்பந்தமே செல்லாது.

"இது உங்க கணக்கா, அவர் சொன்னதா?" என்று கேட்டார்.

என் கணக்கு என்று சொன்னால் போதும். அதற்கு எத்தனை மூச்சு வேண்டும்?

அந்தக் கணம் என் மனத்தில் ஓடியதை உங்களுக்குச் சொல்லுகிறேன். என் கடிதத்தை நம்பி வேலையில் இருப்பவர்களையெல்லாம் இழுத்து விசாரிப்பார்களே என்று அஞ்சியதாகப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பிற்பாடு தைத்த சட்டை. அப்போது நினைத்தது இதுதான்: இனி தேதி கேட்டு என் வீட்டுக்கு யார் வருவார்கள்?

"அவர் சொன்னதை எழுதினேன்" என்றேன். குரல் சற்றும் பிசகவில்லை.

கன்னியம்மா ஓரடி உள்ளே வந்தாள்.

"அவுரு எங்க சார் சொன்னாரு? எங்க மாமியாரு சொன்னத நான்தானே உன்னாண்ட சொன்னேன்."

"அதற்கு முந்தின நாளே உன் புருஷன் தனியாக வந்து இதே வருஷத்தைச் சொல்லிவிட்டுப் போனானம்மா" என்றேன்.

அது இரண்டாவது வாக்கியம். முதலாவது பயத்தில் வந்தது என்று யாராவது மன்னிக்கக்கூடும். இரண்டாவதை நான் நிதானமாக யோசித்துச் சொன்னேன். நம்பும்படியாகச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேசைமேல் இருந்த காகிதங்களைப் பார்த்தாள். எழுத்தறியாதவளுக்கு அவை எவ்வளவு பெரிய சாட்சி!... மறுபடி வாசற்படிக்கே பின்வாங்கினாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

கம்பெனி, கட்டிய ஏழு தவணையை மட்டும் இரக்கத்தின்பேரில் திருப்பிக் கொடுத்தது. கன்னியம்மா மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்கப் போனாள்.

பணமாவது கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? போனேன். அந்தத் தீபாவளிக்கு முன் வந்த சனிக்கிழமை, ஐம்பது ரூபாய் எடுத்துக்கொண்டு போனேன். அவள் மீன் செதிளைத் துடைத்துவிட்டு எழுந்து வந்தாள். ரூபாயைத் தொடவில்லை.

"உன் துட்டு இன்னாத்துக்கு சார்? நீ இன்னா தப்பு பண்ண?"

கேலியாகக் கேட்கவில்லை. மெய்யாகவே கேட்டாள். கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்று ஒருவர் அழைப்பதுபோல் இருந்தது அந்தக் கேள்வி... நான் என்ன செய்தேன்? பழகிய தோஷம்தான் அம்மா என்று சொல்லி, ரூபாய் நோட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதற்குப்பின் யாருக்கும் நான் இட்டுக்கட்டித் தேதி எழுதியதில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன். இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. ஏனென்றால் அதனால் என் மதிப்பு இன்னும் உயர்ந்துவிட்டது. எவ்வளவு நேர்மையான மனிதர் என்கிறார்கள்!

இப்போது ஆயுள் இன்ஷூரன்ஸ் சர்க்கார் வசம் போய்விட்டது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணிக்குக் கன்னியம்மா தன் மகள் தனலட்சுமியோடு வந்தாள். பெண் பள்ளியிறுதி தேறி, டெலிபோன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். முதல் சம்பளத்திலேயே பாலிசி எடுக்கிறாளாம், தாயின் பெயருக்கு. அவள் பிறந்தது முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில். பிறப்புச் சீட்டு கையில் இருக்கிறது. என் கடிதம் எதுவும் வேண்டியதில்லை. ஆனாலும் விண்ணப்பப் பாரத்தை நான் பூர்த்தி செய்தால்தான் தாய்க்குத் திருப்தி.

"சாராண்ட நெசத்த சொல்லுடி" என்றாள் கன்னியம்மா. "உங்கப்பன் மாரி வயச மாத்திச் சொல்லிக்கினு, நாள பின்ன யாரையும் நடுத்தெருவுல வுட்றாத."

அன்று வாசற்படியைத் தாண்டி வந்து, அவர் எங்கே சொன்னார் என்று கேட்ட அதே பெண்! அவளையும் நான் நம்ப வைத்துவிட்டேன். என்னைவிட உறுதியாக நம்புகிறாள். மகளையும் அப்படியே நம்பச் செய்து வளர்த்திருக்கிறாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பேனா கையில் இருந்தது, இருவரும் எதிரே இருந்தார்கள், நான்காவது ஆள் இல்லை. சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல முடிகிறது, அவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. இதற்குக் காரணம் தேடி நான் எந்த நோட்டையும் புரட்டப் போவதில்லை.

பிறந்த தேதியைச் சீட்டில் பார்த்து எழுதினேன். அடுத்த வரிக்கு வந்தேன்.

"தகப்பனார் பெயர்?" என்றேன், எனக்குத் தெரியாததுபோல.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல் மெதுவாகச் சொன்னாள். நான் எழுதினேன்.