தைராய்டு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தது

ஆத்தாவை நம்பியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தைராய்டு கிடையாது. ஒன்பது வருடமாக ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். நான் தினமும் சாப்பிடுவது மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உள்ள மாத்திரை.

எங்கள் கிராமம் வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவில் இருக்கிறது. நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். விடியுமுன் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். ஒரே மகள், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

உனக்கு என்னம்மா குறை என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கும் தெரியவில்லை. கட்டியவர் குடிக்க மாட்டார். மாமியார் கொடுமை இல்லை. ஆனாலும் ஒரு ஆடி மாதம், காலையில் கண் விழித்தாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அழுவேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதே கண் நிறைந்துவிடும். செத்துப் போனால் தேவலை என்றுகூட நினைத்திருக்கிறேன். மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் தூக்கம் வந்தது, சோறு ருசித்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்கு. தைராய்டுன்னு சொல்லிரு," என்றார் வீட்டுக்காரர்.

எனக்கும் அதே பயம்தான். மனநல மாத்திரை சாப்பிடுகிறவளிடம் யார் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள்? உள்ளூர் மெடிக்கலில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று அவர் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடையில் வாங்கி வருவார். நான் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, காலித் தைராய்டு டப்பா ஒன்றில் போட்டு வைப்பேன். கல்யாண வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்தால் ஒருத்தி மூட்டுவலியைச் சொல்வாள், ஒருத்தி சுகரைச் சொல்வாள். நான் இல்லாத தைராய்டைச் சொல்வேன். இருக்கிற நோயைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை. அவரிடமாவது சொல்லலாம் என்றால், "அதான் மாத்திரை போடுறீல்ல," என்று முடித்துவிடுவார்.

பக்கத்து வீட்டில் என் கொழுந்தனார் மனைவி செல்வி இருக்கிறாள். ஆறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். மாமனார் காலமானபின் தண்ணீர்க் குழாய்க்காகச் சண்டை வந்து, வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். அதோடு பேச்சும் நின்றது. மூன்று வருடம். அவள் வீட்டுக் குக்கர் விசில்கூட எனக்குக் கேட்கும், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

போன பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் ஆத்தா கோயிலில் விரதக் காப்புக் கட்டினார்கள். இந்த மாத்திரையிலிருந்து என்னை விடுதலை பண்ணு தாயே என்று வேண்டிக்கொண்டு நானும் கட்டினேன், முளைப்பாரியும் போட்டேன். எங்கள் பக்கம் ஒருவருக்கு அம்மை போட்டால், ஆத்தா வந்திருக்கிறாள் என்று இங்கிலீஷ் மருந்தைத் தொட மாட்டோம். காப்புக் கட்டின உடம்பிலும் ஆத்தாதானே இருக்கிறாள், அப்புறம் மாத்திரை எதற்கு என்று நானாக முடிவு கட்டினேன். அன்றைக்கே டப்பாவைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு வரும் கர்ப்பிணிகளை, "டாக்டர் சொல்லாம நீயா எப்படி நிப்பாட்டலாம்?" என்று எம்புட்டுத் திட்டியிருப்பேன்! அதே வாயை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் இது.

முதல் இரண்டு நாள் பெருமையாக இருந்தது. நான்காம் நாள் தலைக்குள் சுரீர் சுரீர் என்று கரண்டு அடித்தது. நடந்தால் தரை ஆடியது. அப்புறம் அந்தப் பழைய அழுகை வந்தது. வீட்டுக்காரர் கேட்டதற்கு விரத அசதி என்றேன். ஏழாம் நாள் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

முளைப்பாரியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மண்சட்டியில் எருவும் பயறு வகைகளும் போட்டு, வெளிச்சம் படாத ஒரு வீட்டில் எல்லார் சட்டியையும் வரிசையாக வைத்திருப்பார்கள். அவரவர் சட்டிக்கு அவரவர் தினமும் சாயங்காலம் போய்த் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒருத்தியின் பயிர் வாடினால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். நான் இரண்டு நாள் போகவில்லை. பெண்கள் கும்மி கொட்டுகிற சத்தம் படுத்திருந்த இடம் வரை வந்தது. யாரும் என்னைத் தேடி வரவில்லை. என் சட்டி காய்ந்து கிடக்கும், என் மகளுக்கு என்ன ஆகுமோ என்று படுத்தபடியே புலம்பிக் கிடந்தேன். செத்துவிடலாம் என்ற நினைப்பு மறுபடி வந்தபோது பயந்துபோனேன்.

அப்போதுதான் வேண்டுதலை மாற்றினேன். "ஆத்தா, மாத்திரையை விடு. எனக்கு ஒரு ஆளை அனுப்பு. ஒரே ஒரு ஆள் போதும்."

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம்.

"அக்கா, கதவத் தொறங்க. நாந்தேன் செல்வி."

மூன்று வருடம் கழித்து என் வாசற்படி ஏறியிருக்கிறாள். உள்ளே வந்ததும் வராததுமாக, "உங்க பாரி நல்லா வந்துருக்கு. ரெண்டு நாளும் நாந்தேன் தண்ணி தெளிச்சேன்," என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் அழவிட்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"மாத்திரைய நிப்பாட்டிட்டீகளா?"

"தைராய்டு மாத்திரைதானே, விரதத்துக்காக..."

"அக்கா, எனக்குத்தேன் நெசமாவே தைராய்டு. சுவரு வர்றதுக்குக் கொஞ்சம் முந்தித்தேன் கண்டுபிடிச்சாக. விடியக்காலம் வெறும் வயித்துல போடணும், போட்டுட்டு உடனே காப்பிகூடக் குடிக்கக் கூடாது. நீங்க ஆறு வருசமா ராச்சோறு தின்னுட்டுல்ல போட்டீக. அது எந்த ஊரு தைராய்டு?"

அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. "தெரிஞ்சும் ஏன்டி கேக்கல?" என்றேன்.

"நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன். அதுக்குள்ள சுவரு வந்துருச்சு."

"காப்புக் கட்டிட்டு மாத்திரை போட்டா ஆத்தாவுக்கு ஆகாதேடி."

"அட போங்கக்கா! பூசாரி சுகர் மாத்திரைய மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டுத்தேன் பூசையே பண்றாரு. ஆத்தா அவரை என்ன பண்ணிட்டா?"

காப்புக் கட்டினால் வெளியூரில் தங்கக் கூடாது. அதனால் பொழுதோடு திரும்பிவிடலாம் என்று அன்றைக்கே என்னை பஸ் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப் போனாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சாக நினைத்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீங்களா நிறுத்தக் கூடாதும்மா. குறைக்கிற காலம் வந்தா கொஞ்சம் கொஞ்சமா நாம சேர்ந்து குறைப்போம். இப்ப அது இல்ல. நெடுநாள் சாப்பிட வேண்டியிருக்கும்," என்றார். "தனியா விடாதீங்க," என்று செல்வியிடமும் சொல்லி அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பி, முளைப்பாரி வீட்டுக்குள் இரண்டு பேரும் போனோம். அந்த இருட்டில் என் சட்டியில் பயிர் ஒரு சாண் உயரம் நின்றது. அதன் முன்னால் உட்கார்ந்து ஆத்தாவுக்கு நன்றி சொன்னேன். பொங்கலன்றைக்கு அதை நானே தலையில் சுமந்து போனேன்.

மாத்திரை மறுபடி உடம்பில் பிடிக்கச் சில வாரம் ஆனது. இன்றைக்கும் சில நாள் அந்தக் கனம் வந்து நெஞ்சில் உட்காரத்தான் செய்கிறது. பிள்ளைகள் நடுவில் இருக்கும்போதே தனியாக இருப்பதுபோல் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தைராய்டு டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன். மாத்திரை அதன் அட்டையிலேயே சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. மகளிடம் போனில் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா," என்று அழுதாள். இதைப் படித்துவிட்டு ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நாளைக்கு அங்கன்வாடியில் எத்தனை பிள்ளை குறையுமோ, அந்தப் பயம் இருக்கிறது. அதையும் ஆத்தா காலடியில் வைத்துவிட்டேன்.

உங்களில் யாராவது என்னைப் போல் நோயின் பெயரை மாற்றி வைத்திருந்தால், ஆத்தாவிடம் ஒரு ஆளைக் கேளுங்கள். மாத்திரையை நிறுத்தாமல் கேளுங்கள். அவள் தருவாள்.

சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது, யாரும் இடிக்கவில்லை. இரவுச் சோறு முடிந்ததும் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டுத் தட்டிச் செல்வி கேட்பாள், "அக்கா, போட்டாச்சா?" விடியக்காலம் நான் இந்தப் பக்கமிருந்து தட்டுவேன். "செல்வி, போட்டாச்சாடி?"