மூன்றாவது அளவு

பக்கத்து ஊர்ப் பல் டாக்டர் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போய்விட்ட நாளிலிருந்து அந்த ஊர் வாய்களும் எமோகேயின் தலையில்தான் விழுந்திருந்தன. எல்லையோரக் கப்புவார் ஊரில் அரசாங்கக் காப்பீட்டில் பல் பார்க்க அவள் ஒருத்திதான் மிச்சம். ஐம்பதைத் தாண்டியவள். வலது தோள் காலையிலேயே வலிக்கத் தொடங்கும். மத்தியானத்துக்கு மேல் அது வலி என்றே தோன்றாது. அவளையும் ஆஸ்திரியாவுக்குக் கூப்பிடாமல் இல்லை. கிளம்புவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

குளிர் விடாத ஒரு மாலையில், கையுறையைக் கழற்றப் போனவளிடம் உதவியாள் நொயேமி வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா, இன்னும் ஒருத்தர் இருக்கார். வேணா இன்னொரு நாள் வரச் சொல்லிடட்டுமா?"

"யாரு?"

"நம்ம தெஜோ."

"நம்ம தெஜோ என்ன நம்ம தெஜோ. வரச் சொல்லு."

தெஜோ அவளுடைய பழைய கணவன். லாரி ஓட்டுகிறவன். மகள் தீமேயா பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ஜோர் நகரத்துக்காரி ஒருத்தியோடு போனவன். அங்கேயும் ஒட்டாமல் சில மாதங்களுக்கு முன் ஊருக்கே திரும்பியிருந்தான். கடையில் எதிர்ப்பட்டால் இருவருமே அலமாரியைப் பார்த்துக்கொள்வார்கள்.

பனியில் வழுக்கி, லாரிப் படியில் வாய் மோதி, மேல்வரிசை முன்பற்கள் போயிருந்தன. வேர்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். ஈறு ஆறியிருந்தது. கழற்றி மாட்டும் பல் செட் செய்யவேண்டும். அதற்கு அளவு எடுக்கவேண்டும்.

"வேற டாக்டர்கிட்ட போகலாம்னுதான் பார்த்தேன்," என்றான். பல் இல்லாததால் சொற்கள் காற்றாக வந்தன.

"வேற யாரு இருக்கா? உக்காரு."

அவனுக்கு நாக்கில் கரண்டி வைத்தாலே குமட்டும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சீக்கிரம் முடித்து அனுப்பிவிடும் அவசரம். நொயேமி குளிருக்காக வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்திருந்தாள். அதே தண்ணீரில் அளவெடுக்கும் மாவைக் குழைத்தாள். எமோகே அதைப் பல்வரிசை வடிவத் தட்டு நிறைய அப்பி அவன் வாய்க்குள் வைத்தாள். சூட்டில் அது பாதியிலேயே இறுகத் தொடங்க, பின்பக்கம் பிதுங்கிய மிச்சம் தொண்டையைத் தொட்டது. தெஜோ தட்டைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, மத்தியானம் குடித்த பீன்ஸ் சூப்பைத் தொட்டியில் கக்கினான்.

"சூப்பு நல்லாத்தான் இருந்திருக்கும் போல," என்றாள் நொயேமி, துடைத்துக்கொண்டே.

இரண்டாவது தடவை தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தது. தட்டும் சின்னது. தெஜோ தாக்குப்பிடித்தான். வெளியே எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தாள் எமோகே. பல் செட்டின் கொக்கி பிடிக்கவேண்டிய பல்லுக்குப் பின்னால் காற்றுக் குமிழ் ஒரு ஓட்டை விட்டிருந்தது. இன்னோரிடத்தில் கலவை முழுக்க ஒதுங்கி, தட்டின் உலோகமே தெரிந்தது. அந்த அளவுக்கு அழுத்தியது தன் கைதான். எந்தக் கோபத்தில் அழுத்தினாள் என்றும் அவளுக்குத் தெரியும்.

அதையே அனுப்பலாம். பல் செட் செய்கிற ஆள் ஓட்டையை மெழுகால் அடைத்து ஏதோ ஒன்றைச் செய்து தருவார். அது ஈறில் உரசும், புண்ணாகும், இவன் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடுவான். யாரும் கேட்கப்போவதில்லை. அவளுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"இன்னொரு தடவை எடுக்கணும்," என்றாள்.

"பழி வாங்கறியா?"

"பழி வாங்கணும்னா இதையே அனுப்பியிருப்பேன். நிமிந்து உக்காரு."

இந்த முறை அவசரப்படவில்லை. பற்களைப் பஞ்சால் ஒற்றி எச்சிலை எடுத்தாள். பல்லின் குழிகளிலும் அண்ணத்திலும் விரலால் கொஞ்சம் கலவையைத் தடவினாள். தட்டின் பின்பக்கத்தை முதலில் பதித்து, பிறகு முன்பக்கத்தை ஏற்றினாள்; மிச்சம் தொண்டைக்குப் போகாமல் உதட்டுப் பக்கம் வழிந்தது.

"தலையை முன்னால சாய். மூக்கால மூச்சு விடு. வலது காலைத் தூக்கு. தூக்கியே வச்சிரு, கீழ விடாத."

காலில் கவனம் போனால் தொண்டை சும்மா இருக்கும். தெஜோ ஒரு காலை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு, எச்சில் ஒழுக, அவள் கையை நம்பிச் சாய்ந்திருந்தான். நொயேமி பாத்திரம் கழுவும் சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

பேச முடியாத தெஜோ. இப்படி ஒரு நேரம் கிடைத்தால் கேட்கவென்று எத்தனை கேள்விகள் வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு வேறொன்றைச் சொன்னாள்.

"உன் அம்மா உயிர் போறப்ப நான்தான் பக்கத்துல இருந்தேன். உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வழியில பனி, லாரி நிக்குது, வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். நம்பிட்டாங்க."

தூக்கிய கால் கொஞ்சம் இறங்கியது; மறுபடி தூக்கிக்கொண்டான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அளவு எடுக்கும்போது எல்லோருக்கும்தான் வழியும். அவள் கூர்ந்து பார்க்கவில்லை. கிண்ணத்தில் மீந்த கலவையை விரலால் அழுத்திப் பார்த்தாள், தடம் விழவில்லை; இறுகிவிட்டது. ஆட்டாமல் ஒரே இழுப்பில் தட்டை எடுத்தாள்.

ஒரு குமிழ்கூட இல்லை. ஒவ்வொரு பல்லும், ஈறின் விளிம்பும், அண்ணத்து வரிகளும் அப்படியே பதிந்திருந்தன.

அளவுகளை வாங்கிப்போகும் வண்டி எப்போதோ போயிருந்தது. காலைவரை வைத்தால் சுருங்கிவிடும். கழுவி, மருந்து தெளித்து, அவளே பிளாஸ்டர் கரைத்து, அந்த அச்சுக்குள் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தட்டி ஊற்றினாள். தெஜோ கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"தண்ணி கேட்டாங்க. அவ்வளவுதான்."

கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்து அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பல் செட் வந்ததும் மாட்டிப் பார்த்தாள். ராவித் தேய்க்கவேண்டிய வேலையே இருக்கவில்லை. கண்ணாடியில் தன் வாயையே வெறித்துக்கொண்டிருந்த தெஜோ, "பழைய ஆளு மாதிரி இருக்கேன்," என்றான்.

"உரசிச்சுன்னா வா," என்றாள்.

அவன் வரவில்லை. நன்றாகப் பொருந்திவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். வெளியே பெஞ்சில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.